பாட்டில் ஏற்றுமதிக்கு, பீப்பாய் ஊருக்கு

சீனாவின் கிழக்குக் கடற்கரையில், ஷான்தோங் மாகாணத்தில் இருக்கிறது சிங்தாவ் நகரம். வேலைக்கோ படிப்புக்கோ அங்கே வந்து தங்கும் வெளிநாட்டவர் முதல் மாதம் முடிவதற்குள் ஒரு கதையைக் கேட்டுவிடுவார். ஜெர்மானியர்கள் வந்தார்கள், ஆலை கட்டினார்கள், பியர் காய்ச்சக் கற்றுக்கொடுத்தார்கள். அதனால்தான் இந்த ஊர் பியருக்கு இத்தனை பெயர் என்பது அந்தக் கதை. ஆலையின் அருங்காட்சியகமும் பயண நூல்களும் அதைத்தான் சொல்கின்றன. கதையில் பொய் இல்லை. ஆனால் கோடை மாலையில் அந்த நகரத் தெருக்களில் கண்ணில் படுவதை அது விளக்குவதில்லை. சிறு கடைகளின் வாசலில் உருக்குப் பீப்பாய்கள் வரிசையாக நிற்கும். வேலை முடிந்து வருபவர்கள் சாதாரண பாலித்தீன் பையில் பியரைப் பிடித்துத் தராசில் நிறுத்து வாங்கி, பையின் கழுத்தை முடிந்து விரலில் தொங்கவிட்டபடி வீட்டுக்குப் போவார்கள். அதற்குத் துணை, மிளகாய் போட்டு வதக்கிய மட்டி. இந்தப் பழக்கம் மியூனிக்கில் கிடையாது, தோக்கியோவில் கிடையாது. ஆலையைக் கட்டியவர்களோடு வராத இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான், அயல்நாட்டுப் பானம் ஒன்று எப்படி ஊர்ப் பானமாகிறது என்பது பிடிபடும். சிங்தாவ் பியரை அந்த ஊருடையதாக்கியது அதன் பிறப்பு அல்ல என்பது என் வாதம். பாட்டிலில் அடைத்த சரக்கு அந்நியச் செலாவணிக்காகக் கப்பலேறிய காலத்தில், பாட்டிலுக்குள் போகாத பியரை வைத்துக்கொண்டு நகர மக்கள் ஒரு பழக்கத்தை உண்டாக்கினார்கள். ஊர் பியர் என்று இன்று சொல்லத் தகுந்தது அங்கேதான் பிறந்தது.

ஆலையின் பிறப்பை முதலில் பார்த்துவிடலாம். 1897 நவம்பர் 1-ஆம் தேதி ஷான்தோங்கின் ஜூயே பகுதியில் இரண்டு ஜெர்மன் கத்தோலிக்கப் பாதிரியார்கள் கொல்லப்பட்டார்கள். சீனக் கரையில் கடற்படைத் தளம் தேடிக்கொண்டிருந்த பெர்லினுக்கு அது நல்ல சாக்காயிற்று. நவம்பர் 14 அன்று ஜெர்மன் கடற்படை ஜியாவ்ஜோ வளைகுடாவில் இறங்கியது. 1898 மார்ச் 6 அன்று 99 ஆண்டுக் குத்தகையை எழுதி வாங்கியது. அதன்பின் எழுந்த நகரம் இனவாரியாகப் பிரித்துக் கட்டப்பட்டது. கடலைப் பார்த்த பகுதி ஐரோப்பியர்களுக்கு. வீட்டு வேலைக்காரர்களைத் தவிர மற்றச் சீனர்கள் அங்கே குடியிருக்க முடியாது. சீன வணிகர்களுக்குத் தபாவ்தாவ் என்ற தனிப் பகுதியும், கூலித் தொழிலாளர்களுக்குத் தாய்தோங், தாய்ஷி என்ற குடியிருப்புகளும் ஒதுக்கப்பட்டன. இந்த ஏற்பாட்டுக்குள்தான் 1903 ஆகஸ்ட் 15-ஆம் தேதி பியர் ஆலை வந்தது. அதை நிறுவியது ஹாங்காங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆங்கிலோ-ஜெர்மன் புரூவரி என்ற கூட்டு நிறுவனம். முதலீடு 4 லட்சம் மெக்சிகன் வெள்ளி டாலர். சீனத் துறைமுகங்களில் அப்போது புழங்கிய நாணயம் அது. இயந்திரமும் மூலப்பொருளும் ஜெர்மனியிலிருந்து வந்தன. வெளிர் நிற லாகரும் கறுப்பு பியரும் காய்ச்சினார்கள். குடித்தவர்கள் பெரும்பாலும் கடற்படையினர், அதிகாரிகள், வணிகர்கள், ஷாங்காய் போன்ற துறைமுக நகரங்களில் இருந்த மற்ற ஐரோப்பியர்கள். இந்த ஆலையின் உண்மையான ஊர் சிங்தாவ் அல்ல, ஒப்பந்தத் துறைமுகங்கள் முழுவதும் பரவியிருந்த வெளிநாட்டவர் சமூகம். ஆலையில் வேலை செய்த சீனத் தொழிலாளியின் சாப்பாட்டில் அந்தப் பானத்துக்கு இடமே இல்லை.

ஆலை தொடங்கிய பதினோரு ஆண்டில் நகரத்தின் ஜெர்மன் காலம் முடிந்தது. 1914 ஆகஸ்டில் ஜப்பான் ஜெர்மனிமீது போர் அறிவித்து நகரத்தை முற்றுகையிட்டது. பிரிட்டன் துணைக்குப் படை அனுப்பியது. அதில் இந்தியப் படையின் 36-ஆவது சீக்கியர் படைப்பிரிவைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். இரண்டு பேரரசுகளின் போட்டியில் பஞ்சாப் விவசாயி வீட்டுப் பிள்ளைகள் ஷான்தோங் மழையிலும் சேற்றிலும் பதுங்குகுழி வெட்டியதை இந்நகர வரலாறுகள் இன்னும் சற்று விரிவாக எழுதியிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. நவம்பர் 7 அன்று நகரம் சரணடைந்தது. 1916 செப்டம்பரில் ஜப்பானின் தாய்-நிப்போன் பியர் நிறுவனம் ஆலையை விலைக்கு வாங்கியது. 1919-இல் பாரிஸ் சமாதான மாநாடு ஜெர்மனியின் ஷான்தோங் உரிமைகளை ஜப்பானுக்குக் கொடுத்ததும், பெய்ஜிங் மாணவர்கள் மே 4-ஆம் தேதி தெருவில் இறங்கினார்கள். நவீனச் சீன வரலாற்றின் திருப்புமுனைகளில் ஒன்று அந்தப் போராட்டம். 1922 டிசம்பரில் நகரம் சீனாவிடம் திரும்பியது, ஆலை மட்டும் திரும்பவில்லை. 1945 வரை அது ஜப்பானியரிடமே இருந்தது. இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். முதல் நிறுவனத்தின் கையில் ஆலை இருந்தது 13 ஆண்டு. ஜப்பானியரிடம் இருந்தது 29 ஆண்டு. பியரின் உட்பொருளும் அந்தக் காலத்தில்தான் மாறியது. சீன அரிசியோடு சைகோன் அரிசியும் சேர்ந்தது. ஹாப்ஸ் செக் நாட்டிலிருந்து வந்தது. 1939-இல் ஆலைக்குள்ளேயே மால்ட் தயாரிக்கும் பிரிவு அமைந்து, ஷான்தோங் பார்லியையும் சோதித்துப் பார்த்தார்கள். போர்க்காலத்தில் ஹாப்ஸ் இறக்குமதி சிக்கலானபோது ஆலை வளாகத்திலேயே அந்தக் கொடியைப் பயிரிட முயன்றார்கள். இன்று சிங்தாவ் பியரைக் குடித்துப் பார்த்து அதில் ஜெர்மன் சுவையைத் தேடுபவர், அரிசி சேர்ந்த அந்த மென்மைக்கு வேறொரு நாட்டின் பெயரையும் சொல்லியாக வேண்டும்.

1945 அக்டோபரில் தேசியவாத அரசு ஆலையைக் கைப்பற்றியது. 1947 ஜூனில் சிலு என்ற நிறுவனம் அதை வாங்கியது. அந்த ஆண்டுகளில் சிங்தாவ் அமெரிக்கக் கடற்படையின் தளமாக இருந்தது, மரைன் படைவீரர்கள் நகரத்தில் நிறைந்திருந்தார்கள். 1949 ஜூன் 2-ஆம் தேதி மக்கள் விடுதலைப் படை நுழைந்தது, ஆலை அரசுடைமையாயிற்று. அதுவரை ஓடிய 46 ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஜெர்மன் மாலுமி, ஜப்பானியக் குடியேறி, அமெரிக்க மரைன் என்று குடித்தவர்கள் மாறினார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் வெளியிலிருந்து வந்தவர்கள். வசதி படைத்த சீனர்கள் சிலரும் குடித்திருப்பார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாடு முழுவதற்குமான அளவு தெரிந்தால் அந்தச் சிலர் எத்தனை சிலர் என்பது விளங்கும்: 1949-இல் சீனாவின் மொத்த பியர் உற்பத்தி சுமார் 7,000 டன் என்றே வழக்கமாகக் குறிப்பிடுகிறார்கள். ஐம்பது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருந்த நாட்டில் இது ஆளுக்கு ஒரு மிடறுகூடத் தேறாத அளவு.

புதிய அரசுக்கு இந்த ஆலை வேறொரு காரணத்துக்காகத் தேவைப்பட்டது. கொரியப் போரையொட்டி அமெரிக்கா விதித்த வர்த்தகத் தடையால் அந்நியச் செலாவணி அரிதாகிப்போன நாட்டில், வெளியே விற்றுக் காசாக்கக்கூடிய சில தொழிற்பண்டங்களில் சிங்தாவ் பியரும் ஒன்று. ஹாங்காங், தென்கிழக்கு ஆசியச் சந்தைகளுக்கு அது பாட்டிலில் போயிற்று. 1972-இல் அமெரிக்காவுக்கும் போகத் தொடங்கியது. பாட்டில் பியர் என்றால் சும்மா நிரப்பி மூடிய பியர் அல்ல. அடைத்த பிறகு சூடேற்றி ஈஸ்டின் உயிரை அடக்க வேண்டும், அப்போதுதான் மாதக்கணக்கில் கெடாமல் கடல் தாண்டும். நல்ல கண்ணாடி, மூடி, சூடேற்றும் கருவி, பெட்டி எல்லாம் வேண்டும், எல்லாமே பற்றாக்குறை. ஆகவே பாட்டில் ஏற்றுமதிக்கும், அரசு விருந்துகளுக்கும், வெளிநாட்டவர் தங்கும் ஓட்டல்களுக்கும் போயிற்று. ஊர்க்காரர்களுக்குப் பண்டிகைக் காலத்தில் பங்கீட்டுச் சீட்டுக்குச் சில பாட்டில்கள் கிடைத்தால் உண்டு. மிஞ்சியது, சூடேற்றாமல் பீப்பாயில் பிடித்த பியர். ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கிற அந்தப் பியர் கோடை வெயிலில் ஒரு நாள் தாண்டினாலே புளிக்கத் தொடங்கும். அதைக் கப்பலில் ஏற்ற முடியாது, பக்கத்து மாகாணத்துக்குக்கூட அனுப்ப முடியாது. காய்ச்சிய ஊரிலேயே, காய்ச்சிய சூட்டோடு, விற்றுத் தீர்க்க வேண்டும். நகரத்துக்குப் பியர் கிடைத்தது யாருடைய கருணையாலும் அல்ல; அந்தச் சரக்குக்குப் பயணம் செய்யும் சக்தி இல்லாததால் கிடைத்தது.

அந்தப் பீப்பாய் பியரை நகரம் எப்படி வாங்கிக்கொண்டது என்பதில்தான் ஊரின் கைவண்ணம் தெரிகிறது. கண்ணாடிக் கோப்பைகள் போதுமான அளவில் இல்லை. உணவகத்தில் சோறு போடும் கிண்ணத்தில் பியரை ஊற்றிக் குடித்தார்கள். பழம் பதப்படுத்தி விற்ற கண்ணாடிச் சாடிகள் காலியானதும் கழுவி வைக்கப்பட்டன. 1970-களிலும் 80-களிலும் அந்தச் சாடிதான் சிங்தாவின் பியர் கோப்பை. அந்தத் தலைமுறையினர் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள், சில கடைகள் பழைய நினைவுக்காக அதிலேயே ஊற்றித் தருகின்றன. வீட்டுக்கு வாங்கிப் போக, வெந்நீர் வைக்கும் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சூட்டைக் காக்கச் செய்த பாத்திரம் குளிர்ச்சியையும் காத்தது. மலிவான பாலித்தீன் பை கடைகளுக்கு வந்ததும் பிளாஸ்கின் இடத்தைப் பை பிடித்துக்கொண்டது. பாத்திரம் கொண்டுவர வேண்டாம், திருப்பித் தர வேண்டாம், எடை போடலாம். இவற்றில் எதையும் ஆலை திட்டமிடவில்லை, விளம்பரம் சொல்லிக்கொடுக்கவில்லை. கூடவே சாப்பிட்டதும் அப்படித்தான். ஜியாவ்ஜோ வளைகுடாவின் சேற்றுப் படுகையில் மட்டி மலிவாகவும் ஏராளமாகவும் கிடைத்தது. ஏழை வீட்டிலும் வாங்கக்கூடிய உப்புச் சுவையுள்ள பண்டம் அது. பீப்பாய் பியரும் மட்டியும் ஒன்றுசேர்ந்ததற்கு ஆழமான காரணம் தேட வேண்டியதில்லை: இரண்டும் அன்றன்றே தீர வேண்டியவை, இரண்டும் தூரம் போகாதவை, இரண்டும் கைக்கெட்டும் விலையில் இருந்தவை.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. ஜெர்மானியர் ஆலை கட்டாமல் போயிருந்தால் பீப்பாய் ஏது, பை ஏது என்று கேட்கலாம். தெங்ஜோ சாலையில் ஆலையின் பழைய சிவப்புச் செங்கல் கட்டடம் இன்றும் நிற்கிறது. 2003-இல் அதை அருங்காட்சியகமாக்கி, பழைய சீமென்ஸ் மோட்டாரையும் அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். தூய்மைச் சட்டம் என்று ஜெர்மானியர் போற்றும் 1516-ஆம் ஆண்டு பவேரிய ஆணைப்படி தொடங்கிய ஆலை என்பதும் பெருமையாகச் சொல்லப்படுகிறது. தொடக்கம் அவர்களுடையது என்பதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் தொடக்கம் மட்டும் போதுமானதாக இருந்தால், அதே துறைமுகத்தில் அவர்கள் தொடங்கிய மற்றவையும் மக்கள் வாழ்க்கைக்குள் போயிருக்க வேண்டும். ஜெர்மன் ரொட்டியோ பன்றி இறைச்சிச் சாஸேஜோ சிங்தாவ்காரரின் அன்றாடச் சாப்பாடாகவில்லை. அரிசி சேர்ந்ததோடு அந்தப் பவேரிய ஆணையும் காலாவதியாயிற்று. செய்முறையை ஒழுங்குபடுத்தி நாடு முழுவதும் கொண்டுபோனதும் பிற்காலத்தில் நடந்ததுதான்: 1964-இல் சீன இலகுத் தொழில் அமைச்சகம் ‘சிங்தாவ் பியர் செயல்முறை’ என்ற பெயரில் இந்த ஆலையின் வழிமுறையை மற்ற ஆலைகளுக்குப் பரப்பியது. அந்தத் தரத்தை உருவாக்கியவர்கள் சீனத் தொழிலாளர்களும் சீனப் பொறியாளர்களும். 1903 என்ற ஆண்டின் பளபளப்பில் அவர்களுடைய உழைப்பு மங்கிப்போவது அநியாயம்.

இரண்டாவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வரும். சீனாவுக்குப் பியர் அந்நியமே அல்ல, ஐயாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று சிலர் சொல்வார்கள். சான்றும் உண்டு. ஷியான் நகருக்கு அருகே மிஜியாயா என்ற இடத்தில் அகழ்ந்தெடுத்த புனல்கள், குடங்கள், அடுப்பு ஆகியவற்றில் ஒட்டியிருந்த படிவுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வு, சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே தினை வகையும் பார்லியும் சேர்த்துப் பியர் காய்ச்சியதைக் காட்டியது. ஹெனான் மாகாணத்தின் ஜியாஹூவில் அரிசி, தேன், பழம் கலந்து புளிக்கவைத்த பானத்தின் தடயம் அதைவிடப் பழையது. சுமார் 9,000 ஆண்டு. இவை அருமையான கண்டுபிடிப்புகள். ஆனால் அந்த மரபு இடையில் வேறு வழியில் போய்விட்டது. முளைவிட்ட தானியத்தைக் கொண்டு காய்ச்சும் முறை பின்தள்ளப்பட்டு, பூஞ்சை படர்ந்த தானியக் கட்டியைச் சேர்த்து நொதிக்கவைக்கும் முறை மேலோங்கியது. மஞ்சள் மதுவும் அதன்பின் வடித்தெடுக்கும் வெள்ளை மதுவும் அந்த வழியில் வந்தவை. சிங்தாவ் நகரத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. இப்போது நகரத்தின் ஒரு மாவட்டமாக இருக்கும் ஜிமோவில், தினை வகையில் காய்ச்சும் ‘பழைய மது’ நெடுங்காலமாக இருந்துவருகிறது. பழமைதான் அளவுகோல் என்றால் அந்த ஊரின் பானம் அதுதான். தெங்ஜோ சாலைப் பியர் அதன் வாரிசு அல்ல. மட்டி உண்ணும் மேசைக்கு அது வந்தது வேறு கதவு வழியாக. அந்தக் கதவு எது என்பதைத்தான் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வெளிநாட்டவர் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று இருக்கிறது. சீனப் பியர் தண்ணீர்போல் இருக்கிறது, எந்த ஊருக்குப் போனாலும் ஒரே பச்சைப் பாட்டில், ஒரே சுவை என்பார்கள். இதில் பாதி, லேபிளைப் படிக்கத் தெரியாததால் வரும் ஏமாற்றம். சீன பியர் பாட்டிலில் 8, 10, 11 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும் பாகை, மதுவின் அளவு அல்ல. நொதிப்பதற்கு முன் மால்ட் சாற்றில் இருந்த திடப்பொருளின் செறிவு. பத்துப் பாகைப் பியரில் மது சுமார் 4 சதவீதம்தான். எட்டுப் பாகையில் 3 சதவீதத்தையொட்டி. மீதிப் பாதிக்கு விடை மேசையில் இருக்கிறது. வடசீன விருந்தில் பியரைத் தனியாக உட்கார்ந்து ரசித்துக் குடிப்பதில்லை. சிறு கோப்பையில் ஊற்றி, ஒருவரையொருவர் அழைத்து, ஒரே மூச்சில் காலிசெய்து, மறுபடி ஊற்றுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு பதார்த்தங்களோடு மணிக்கணக்கில் நீளும் விருந்துக்கு, கனத்த கசப்புப் பியர் ஒத்துவராது. அரிசி சேர்ந்த லேசான லாகர் அதற்குப் பொருந்துகிறது. அதைப் பெல்ஜிய மடாலயப் பியரோடு ஒப்பிட்டுக் குறைசொல்வது, ரசத்தைக் கூட்டுபோல் கெட்டியாக இல்லையே என்று குறைசொல்வதற்குச் சமம்.

எல்லா ஊரிலும் ஒன்றே என்ற குற்றச்சாட்டை மட்டும் நான் அவ்வளவு எளிதில் தள்ளிவிட மாட்டேன். அது இன்று பெருமளவு உண்மை, ஆனால் எப்போதும் உண்மையாக இருக்கவில்லை. 1980-களின் நடுவில் அரசு கடன் கொடுத்து ஊக்குவித்ததால் பியர் ஆலைகள் சீனா முழுவதும் முளைத்தன. அந்தப் பத்தாண்டின் முடிவில் 800-க்கும் மேல் இருந்தன. நகரத்துக்கு நகரம் வேறு ஆலை, வேறு பெயர். 1993-இல் சிங்தாவ் நிறுவனம் ஹாங்காங் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. சீனப் பெருநிலத்திலிருந்து அங்கே சென்ற முதல் நிறுவனம் அது. பிறகு 1990-களின் இறுதியில் அதுவே டஜன் கணக்கில் உள்ளூர் ஆலைகளை விழுங்கத் தொடங்கியது. சைனா ரிசோர்சஸின் ஸ்னோ, யான்ஜிங், ஆன்ஹைசர்-புஷ், கார்ல்ஸ்பெர்க் ஆகியவையும் மீதியைப் பங்குபோட்டுக்கொண்டன. எத்தனையோ சிறு நகரங்கள் தங்கள் பியரை அப்படி இழந்தன. 2013-இல் நாட்டின் உற்பத்தி 5 கோடி கிலோலிட்டரைத் தாண்டி உச்சம் தொட்டபோது, அந்த வெள்ளத்தில் தனித்தனிச் சுவைகள் கரைந்துபோயிருந்தன. இது ஓர் இழப்பு என்றே நான் எண்ணுகிறேன். லாபக் கணக்கு அதை இழப்பாகக் காட்டாது என்றாலும். சிங்தாவ் பியரே இன்று பல மாகாணங்களில் உள்ள ஆலைகளில் காய்ச்சப்படுகிறது. ஆகவே நகரை ஒட்டிய லாவ்ஷான் மலை ஊற்று நீரால் வந்த சுவை என்ற பழைய விளம்பரம் எல்லாப் பாட்டிலுக்கும் பொருந்தாது. சிங்தாவே தண்ணீர்ப் பஞ்சத்தில் தவித்து, 1989-இல் கால்வாய் வெட்டி மஞ்சள் ஆற்று நீரைக் கொண்டுவந்த நகரம்.

ஆனால் ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்தே வைத்திருக்கிறார்கள், அதற்கேற்பப் பிரித்தும் பார்க்கிறார்கள். தெங்ஜோ சாலை ஆலையில் காய்ச்சியதை ‘முதலாம் ஆலை’ பியர் என்று கேட்டு வாங்குவார்கள். பாட்டிலின் குறியீட்டைத் திருப்பிப் பார்த்து உறுதிசெய்துகொள்வார்கள். வெளியூர்க்காரருக்கு எல்லாம் ஒரே பச்சைப் பாட்டில். இவர்களுக்கு அது எந்தத் தெருவில் காய்ச்சியது என்பதில் வேறுபாடு இருக்கிறது. யிங்கோ சாலைச் சந்தையில் மட்டியையும் மீனையும் தானே பேரம்பேசி வாங்கி, பக்கத்து பியர் கடையில் சமையல் கூலி கொடுத்து வதக்கித் தரச் சொல்லி, பீப்பாய் பியரோடு உட்காருவது அந்நகரத்து வழக்கம். ஒரே தரம், ஒரே விலை என்று நாடு முழுவதும் விற்கும் எந்த நிறுவனமும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்திருக்காது.

இன்னொரு எதிர்ப்பு, இந்த வாதத்தின் நெஞ்சிலேயே குத்துவது. பற்றாக்குறையை அழகாக்கிக் காட்டுகிறாயா என்று கேட்கலாம். பாட்டில் கிடைத்திருந்தால் அந்த மக்கள் பாட்டிலைத்தான் குடித்திருப்பார்கள்; சாடியும் பிளாஸ்கும் கதியற்றவர்களின் ஏற்பாடு. தன் ஊரில் காய்ச்சிய நல்ல பியர் தனக்கு எட்டாமல் ஹாங்காங் கடைக்குப் போவதைப் பார்த்து ஒரு தொழிலாளிக்கு எரிச்சல் வந்திருந்தால் அது முற்றிலும் நியாயம். அந்த ஏற்பாட்டை நல்லதென்று நான் சொல்லவில்லை. ஆனால் கதியற்ற ஏற்பாடு என்றால், கதி வந்ததும் அது மறைந்திருக்க வேண்டும். சீட்டும் பங்கீடும் போய், கடைகளில் பாட்டில் குவிந்து, வீட்டுக்கு வீடு குளிர்ப்பெட்டி வந்த பிறகும் பீப்பாய் போகவில்லை, பை போகவில்லை. 1991-இல் தொடங்கிய பியர் திருவிழா பெரிய கூடாரங்களையும் வெளிநாட்டு நிறுவனங்களையும் கொண்டுவந்தது. ஆனாலும் அந்தி சாய்ந்ததும் ஊர்க்காரர்கள் தங்கள் தெருக் கடைக்கே போனார்கள். சூடேற்றாத பியரின் புத்துணர்ச்சியை ஒருமுறை பழகிய நாக்குக்குப் பாட்டில் பியர் சற்று வெந்ததுபோல் இருக்கும். இல்லாமையில் தொடங்கிய பழக்கம் தேர்ந்தெடுத்த சுவையாக மாறியது. அதற்கு அடையாளம் பணம் வந்த பிறகும் அது நிலைத்ததே. அதற்கு அந்நகரம் கொடுக்கும் விலையும் உண்டு. பியரும் மட்டியும் சேர்ந்தால் யூரிக் அமிலம் கூடும் என்று மூட்டு நோய் மருத்துவர்கள் அங்கே எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ஹார்பினோடு ஒப்பிட்டால் இந்த வாதத்தின் எல்லையும் தெரியும். அங்கே ரஷ்ய ரயில்பாதை வேலை 1898-இல் தொடங்கியது; 1900-இல் வ்ரூப்லெவ்ஸ்கி என்பவர் சீனாவின் முதல் பியர் ஆலையை நிறுவினார். ஆனால் ஹார்பினுக்கு வந்த ரஷ்யர்கள் படைவீரர்களாக வந்து பத்தாண்டில் போனவர்கள் அல்லர். பல்லாயிரம் பேர் குடும்பத்தோடு தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். அதனால் பியரோடு புகையூட்டிய சிவப்புச் சாஸேஜும், கருப்பு ரொட்டியும், குவாஸ் பானமும் அந்த ஊரில் தங்கிவிட்டன. 1950-இல் சோவியத் தரப்பு ஆலையைச் சீனாவிடம் ஒப்படைத்த பிறகும், 2004-இல் ஆன்ஹைசர்-புஷ் அதை வாங்கிய பிறகும் அந்த மேசை மாறவில்லை. அங்கே குடித்த மனிதர்களோடு பானம் ஊருக்குள் வந்தது. சிங்தாவிலோ குடித்தவர்கள் போன பிறகுதான் வந்தது. இரண்டிலும் ஆலை முதலாளியின் தேசம் முடிவான காரணமாக இல்லை என்பதைக் கவனிக்கலாம். அதற்குச் சிங்தாவிலேயே இன்னொரு சான்று கிடைக்கிறது. 2009-இல் ஜப்பானின் ஆசாஹி நிறுவனம் சிங்தாவ் பியரில் ஏறக்குறைய 20 சதவீதப் பங்கை வாங்கியது. 1916-இல் ஆலையை வாங்கிய தாய்-நிப்போன் 1949-இல் இரண்டாகப் பிரிந்தபோது உண்டான நிறுவனங்களில் ஒன்றுதான் ஆசாஹி. பழைய முதலாளியின் வாரிசு பங்குதாரராகத் திரும்பி வந்து, 2017-இல் பங்குகளை விற்க முடிவெடுத்து விலகியது. தெருவில் பை பிடித்தவர்களுக்கு அது எந்த மாற்றத்தையும் கொண்டுவரவில்லை.

2008 முதல் சீன நகரங்களில் வாழும் வெளிநாட்டவர் மறுபடியும் பியர் காய்ச்சத் தொடங்கியிருக்கிறார்கள். 2010-இல் பெய்ஜிங்கின் பழைய சந்து ஒன்றில் தொடங்கிய கிரேட் லீப், சிச்சுவான் மிளகையும் சீனத் தேனையும் சேர்த்துக் காய்ச்சியது. ஷாங்காயில் 2008-இல் தொடங்கிய பாக்சிங் கேட் 2017-இல் உலகின் மிகப் பெரிய பியர் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. நான்ஜிங்கில் சீனர் ஒருவரே 2008-இல் ‘மாஸ்டர் காவ்’ என்ற பெயரில் தொடங்கினார். சீனப் பொருள்களைச் சேர்ப்பதால் இவை ஊர் பியர் ஆகிவிடும் என்று அவற்றை விரும்புகிறவர்கள் சொல்கிறார்கள். நல்ல பியர்தான், துணிச்சலான முயற்சியும்கூட. ஆனால் சிங்தாவின் கணக்குப்படி பார்த்தால், பீப்பாயில் என்ன போட்டோம் என்பது சிறிய கேள்வி. 1903-இல் தெங்ஜோ சாலை ஆலை எந்த நிலையில் இருந்ததோ, ஏறக்குறைய அந்த நிலையில்தான் இவை இப்போது இருக்கின்றன: வெளிநாட்டவரும் வசதியான நகரத்தாரும் குடிக்கும் இடம், சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாத விலை. இவற்றைத் தங்கள் சாப்பாட்டோடு எப்படிச் சேர்ப்பது, எந்தப் பாத்திரத்தில் வாங்குவது என்று அக்கம்பக்கத்தார் இன்னும் முடிவுசெய்யவில்லை.

இதற்கிடையே சிங்தாவ் பீப்பாயின் நிலைமையும் மாறிவருகிறது. வடிகட்டாமல், சூடேற்றாமல், ஏழு நாள் ஆயுளோடு விற்கும் பியரைக் குளிரூட்டிய வண்டிகளில் ஏற்றி நிறுவனம் இப்போது பிற நகரங்களுக்கும் அனுப்புகிறது. சாதாரணப் பாட்டிலைவிட அதற்கு விலை கூட. ஊரைவிட்டுப் போக முடியாது என்பதால் ஊருக்குக் கிடைத்த சரக்கு இன்று பயணம் செய்யக் கற்றுக்கொண்டது. பெய்ஜிங்கில் இருப்பவர் அதை வாங்கி, அருமையான பியர் என்று மெச்சுவார், அது சரியே. ஆனால் பியரை மட்டும்தான் வண்டி ஏற்றிச் செல்கிறது. தராசும், பையும், யிங்கோ சாலையில் வாங்கிய மட்டியை வதக்கித் தரும் கடையும் அந்த வண்டியில் ஏறுவதில்லை. கோடை மாலையில் தாய்தோங் பக்கத்துக் கடைகளின் முன்னால் வரிசை இன்னும் நிற்கிறது.